நைனாவின் கணவர் பெயர்

எப்சிபா ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஹெட்செட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். முதலில் காது, பிறகு மைக், கடைசியில் வயர். பன்னிரண்டு ஹெட்செட்டுக்குப் பன்னிரண்டு பஞ்சு. "ஒர்த்தர் காதுல கீறது இன்னொர்த்தர் காதுக்கு எதுக்கு?" என்பாள். திருப்பதியில் ஒரு மெத்தைக் கடைக்கு மேல் நடக்கிற கால் சென்டர் அது. மருத்துவக் காப்பீடு எடுத்தவர்கள் தமிழில் பேச வேண்டுமென்றால் இங்கேதான் மணி அடிக்கும். தமிழ்ப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு.

சித்தூரில் மிஷன் கோயிலுக்குப் பக்கத்து வீடு, வயது முப்பத்தாறு. பத்து வருடமாக முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறாள். தெலுங்கில் பேசினால் வலது கை ஆடும், தமிழில் பேசினால் இடது கை. அழுகிறவர்களிடம் அழாதீர்கள் என்று சொல்ல மாட்டாள். "பேஷண்ட் பேர் சொல்லிக்கினே அழுங்க, நான் எழுதிக்கிறேன்" என்பாள். அழுகை தானாக நின்றுவிடும்.

"பேசறதெல்லாம் ஒரு வேலையா எப்சி? ஸ்ரீ சிட்டிக்கு வந்துடு, பஸ்ஸு, சாப்பாடு எல்லாம் குடுக்கிறாங்க" என்பான் அண்ணன் ஆசிர். அங்கே ஃபேக்டரியில் வேலை அவனுக்கு. "நீ மெஷினுக்கு ஸ்க்ரூ முடுக்கு அண்ணே. மனுசனுக்கு நான் முடுக்கறேன்."

ஒரு நாள் காப்பீட்டுக் கம்பெனி பெண் குரலில் பேசும் ஒரு மெஷினை இறக்கியது. ஒரு வாரம் தமிழ் அழைப்புகளை அதுவே எடுக்கும். இவர்கள் அது எழுதியதைச் சரிபார்த்தால் போதும். தேறிவிட்டால் பன்னிரண்டு நாற்காலியும் காலி.

"அது லீவு கேக்காது, டீ கேக்காது. நாம எங்கக்கா ஜெயிக்கிறது?" என்றாள் பக்கத்து சீட் நளினி. ஸ்ரீ சிட்டி வேலைக்கு ஃபாரம் வாங்கிப் பைக்குள் வைத்திருந்தாள்.

ஐந்தாம் நாள் திரையில் ஒரு பதிவு வந்தது. நோயாளி: நைனா. பெண். சிகிச்சை: புரோஸ்டேட் ஆபரேஷன். பொருந்தவில்லை, நிராகரிக்கலாம்.

எப்சிபா சிரித்தாள். உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு அந்த எண்ணுக்குப் போன் போட்டாள். எடுத்தவர் வரதய்யபாளையத்துக்காரர், பெயர் யஸ்வந்த்.

"நைனாவுக்கு நாளைக்கு ஆபரேசன் மேடம். ஆஸ்பத்திரியில படுத்துக்கினு கீறாரு. நேத்து ஒரு அம்மா போன் எடுத்து, நைனா அவர்களின் கணவர் பெயர் என்னன்னு கேக்குது. நான் எங்க அம்மா பேரைச் சொல்றதா, இன்னா சொல்றது?"

"நைனா பேரு?"

"கோவர்த்தனன், மேடம்."

இருபது நிமிடத்தில் ஆஸ்பத்திரிக்கு அனுமதி போய்ச் சேர்ந்தது. பிறகு அவள் ஐந்து நாள் பதிவுகளையும் தோண்டினாள். பதினேழு நைனா, மெஷின் கணக்கில் பதினேழு பேரும் பெண்கள். ஒருவருக்குப் பிரசவச் செலவு பற்றிய தகவல்கூட அனுப்பியிருந்தது மெஷின்.

மாலையில் கம்பெனி அதிகாரி பாலசுந்தரம் ஸ்பீக்கரில் வந்தார். கோயம்புத்தூர்க்காரர்.

"நைனாங்கறது வடக்கே பொம்பளப் பேருங்க. எங்க பக்கம் யாரும் அப்பாவ அப்படிக் கூப்பிடறதில்லைங்களே?"

"சார், நகரியில இருந்து நாயுடுபேட்டை வரைக்கும் அப்பான்னா நைனாதான். இந்த சீட்டுல ஒர்த்தருக்கும் அதை ட்ரெயினிங்ல சொல்லித் தரல. வூட்டுல கூப்பிட்டு வளர்ந்தது." இடது கை மேலே ஏறி நின்றது.

அந்தப் பக்கம் அவர் பதிவுகளைத் திறந்து பார்க்கிற கீபோர்டு சத்தம் கேட்டது. "அட்ரஸ் மாத்தறது, ரசீது அனுப்பறது மட்டும் மெஷின் பாத்துக்கட்டுங்க. நோயாளி விஷயம் உங்ககிட்டயே இருக்கட்டும். வேலூர், திருவள்ளூர் அழைப்பையும் உங்களுக்கே திருப்பிவிடறேன். இன்னும் நாலு பேரைச் சேத்துக்குங்க."

நளினி ஃபாரத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள். "டீ சொல்லட்டாக்கா?"

"சொல்லு. மெஷினுக்கும் சேத்து நானே குடிக்கிறேன்."

மறுநாள் காலை எப்சிபா முதல் பஸ்ஸில் வந்தாள். அட்டைப்பெட்டியைப் பிரித்து, இன்னும் யார் தலையிலும் ஏறாத நான்கு ஹெட்செட்டை எடுத்து வரிசையில் வைத்தாள். பஞ்சுச் சுருளைக் கிழித்து எண்ணினாள். பதினாறு இருந்தது. ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தாள்.