பரம்பரை இல்லாத விரிப்பு

கமராக்காரன் கதிரையை மறுபடியும் நகர்த்தச் சொன்னான். தனுஷாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சொல்லவேண்டியது இவ்வளவுதான்: "இந்த விரிப்புத் தைக்கிறதை எனக்கு அம்மா பழக்கினவா. அவாவுக்கு அவாவின்ர அம்மா பழக்கினவா." சொன்னால், வன்னியில் இந்த அக்கராயன் தையல் நிலையத்துப் பெண்களுக்குக் கொழும்புக் கடையொன்று வருடம் முழுக்க வேலை கொடுக்கும். சொன்ன பிறகு அந்த விரிப்பு தனுஷாவுடையதாக இராது.

அவள் வீட்டு முற்றத்துக் கொடியில் அது தொங்கியது. பச்சையும் மண்நிறமுமாக வளைவுக்குள் வளைவு, நடுவில் நீலம். 'காமன்ட்ஸ்' என்று எல்லாரும் சொல்லும், அவள் முன்பு வேலை செய்த ஆடைத் தொழிற்சாலையில், சட்டைக்குக் கைக்குழி வெட்டும்போது விழும் பிறைத்துண்டுகளைக் கிலோக் கணக்கில் விற்பார்கள். மற்றவர்கள் அவற்றைக் கால்மிதி ஆக்கினார்கள். தனுஷா ஒரு மாரிகாலம் முழுவதும் அவற்றைத் தரையில் பரப்பி, கலைத்து, திரும்ப அடுக்கினாள். குளத்து நீர் வயலுக்கு வயல் இறங்குவதுபோல் வளைவுகள் அமைந்த அன்று அவள் உலையை மறந்ததில் சோறு கரியாகிப் போனது.

அவளுடைய தாய் சிவலட்சுமி, எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டுச் சிறுமியாக இங்கே வந்தவர். வந்த நாள் தொட்டுப் பிறர் வயலில் களை பிடுங்கியவர்.

"எனக்கு ஊசியில நூலு கோக்கவே தெரியாதுங்க. நா எங்க இவளுக்குப் பழக்குனேன்?" என்றார் அவர், குசினி வாசலில் நின்றபடி.

"சும்மா ஒரு கதைக்கு அம்மா," என்றான் கடையிலிருந்து வந்த பிரசாந்தன்.

"இது காமன்ட்ஸில கழிச்ச துண்டு, தம்பி," என்றாள் தனுஷா. "பரம்பரையில எங்க காமன்ட்ஸ் இருந்தது?"

"எனக்கும் அது தெரியும் அக்கா. ஆனால் ஆளின்ர பேர் விக்காது. வன்னிப் பாரம்பரியம் எண்டால் விக்கும்."

பள்ளிக்கூடக் கிணற்றடியில் தனுஷாவைத் 'தோட்டக்காட்டாள்' என்று தள்ளி நிற்கச் சொன்ன ஊர் இது. அன்றைக்கு அவள் வன்னிக்கு அந்நியம். விற்கக்கூடிய பொருள் ஒன்று கையில் வந்ததும் ஆயிரம் ஆண்டு வேரைக் கொண்டுவந்து கட்டுகிறார்கள். படைத்த கணமே பதிப்புரிமை படைத்தவருக்கு வந்துவிடும், பதியவும் தேவையில்லை என்கிறது இந்த நாட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தை வாயடைக்க, 'இது எல்லாருக்கும் பொது' என்று அவளையே சொல்லவைத்தால் போதும். ஓவியர் வரைந்தால் படத்தின் கீழே கையெழுத்து இருக்கும். ஏழைப் பெண் தைத்தால் மட்டும் அது தானாக முளைத்ததாகிவிடுகிறது.

"சொல்லிப்போட்டு எழும்பன், வாய் தேயுமே?" என்றாள் நிலையத்துத் தலைவி சிவரூபி. "உனக்குப் பெருமை, எங்களுக்குப் பட்டினி."

அவள் சொன்னதிலும் பொய்யில்லை. அதுதான் தனுஷாவை அரித்தது.

"அப்ப நீங்கள் சொல்லுங்கோவன் அக்கா."

சிவரூபி தயங்காமல் வந்து கதிரையில் இருந்தாள். கமரா ஓடியது. அம்மா பழக்கினவா என்பதை அழகாகச் சொன்னாள்.

"தைக்கத் தொடங்கிறது நடுவிலயோ, கரையிலயோ?" என்று பிரசாந்தன் கேட்டான்.

சிவரூபி விரிப்பைப் பார்த்தாள். "அது... இவள் அடுக்கி ஊசி குத்தித் தருவாள். நாங்கள் மெஷினில ஓட்டுவம்."

"பரவாயில்லை, இந்தக் கதையைப் படத்திலயிருந்து வெட்டிப்போடலாம்," என்றான் அவன்.

தனுஷா எழுந்து போய் விரிப்பைக் கொடியிலிருந்து உருவி எடுத்தாள். "இது என்ர. நான் யோசிச்சுச் செய்தனான் எண்டு சொல்லுறன், அதைப் படமெடுங்கோ. ஏலாதெண்டால் இதை விடுங்கோ."

பிரசாந்தன் கைபேசியோடு வேலியோரம் ஒதுங்கினான். "ஓம் சேர், ஓம் சேர்" என்பது மட்டும் கேட்டது.

சிவரூபி செருப்பைத் தேடினாள். "கொழும்பு ஓடர் கைவிட்டுப் போனால் நீதான் வீடு வீடாய்ப் போய்ச் சொல்லவேணும்."

"சொல்லுறன்."

கடையின் பதில் வரும்வரை அவளால் இருக்க முடியவில்லை; எதுவானாலும் நடந்ததைத் தன் வாயால் சொல்லிவிட வேண்டும். விரிப்பை மடித்துச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினாள். முதல் வளவில், நிலையத்துப் பெண் ஒருத்தியின் வீட்டில், தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சைக்கிள் மணிச்சத்தம் கேட்டதும் நின்றது.

"ஓடர் வந்திட்டுதே?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

தனுஷா வேலிப் படலையைத் திறந்தாள்.