பதினைந்து அடியில் தண்ணீர்

பெரியப்பா மகன் இண்டூர் நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு, கடற்கரையில் பங்களா பார்க்கப் போகும்போது துணைக்கு என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். எங்கள் கூட்டுக் கிணற்றின் மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட மனிதர் அவர். என் கடலைக்காடு கருகியபோது அவர் வாசலில் போய்க் கெஞ்சி நின்றேன். "வேணும்னா போர் போட்டுக்க" என்றார். ஆயிரம் அடி போட்டேன். புழுதிதான் பறந்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலில் பார்த்த இரண்டு வீடுகளும் நல்ல வீடுகள். குழாய்த் தண்ணீர் என்றதும் வேண்டாம் என்றுவிட்டார். "பைப்பை நம்பி எவனாச்சும் வூடு வாங்குவானா?"

மூன்றாவது வீட்டில் நீச்சல் குளம், கடல் பார்த்த மாடி எதையும் அவர் கண்டுகொள்ளவில்லை. தோட்டத்துக் கிணற்றைக் காட்டி, "எத்தனை அடியில தண்ணிங்க?" என்றார்.

"பதினஞ்சு அடிங்க" என்றார் புரோக்கர்.

அண்ணன் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. புரோக்கர் கொடுத்த இளநீரைக் குடித்துக்கொண்டே அட்வான்ஸை நீட்டினார். எங்கள் பக்கம் தண்ணீர் இருக்கிறதா என்றுதான் பார்ப்போம்; எப்படி இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? கிணற்றுத் தண்ணீர் வரும் குழாயில் நான் வாய் கொப்பளித்தேன். உப்பு நாக்கைப் பிடுங்கியது. துப்பிவிட்டு, "அருமையான இடங்கண்ணா" என்றேன்.

குடிபோன மறுவாரமே போன் செய்தார். "தண்ணி ஒரே உப்புடா. வாயில வெக்க முடியல. லாரித் தண்ணிதான் வாங்கறோம். என்ன பண்றதுன்னு நீயாவது சொல்லேன்."

அந்தப் பதிலை வருஷக்கணக்கில் பத்திரமாக வைத்திருந்தேன்.

"வேணும்னா போர் போட்டுக்கங்கண்ணா."