வெங்காய மூட்டையும் ஆம்பளைக் கையும்

யோவ், பேர் தெரியாத சித்தப்பா! எடை தூக்கினால் பொம்பளைப் புள்ளைக்குக் கை ஆம்பளைக் கையாகிவிடும் என்று சொன்னது நீதானே? நீ பஸ்ஸில் இல்லாமல் போனதால் இங்கே கேட்கிறேன்.

இன்று பெரம்பலூரிலிருந்து குன்னம் போகிற பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு அம்மா. காலடியில் முப்பது கிலோ சின்ன வெங்காயம். போனில் மகளுக்கு விழுந்தது திட்டு.

"ஜிம்முக்கெல்லாம் போவாத. கை பெருத்துடும்னு சித்தப்பா சொல்றாரு. அப்புறம் எவன்டி கட்டுவான்?"

என் வாய் சும்மா இருக்குமா? "புள்ள எதுக்கும்மா ஜிம்முக்குப் போவுது?"

"போலீஸ் வேலைக்குங்க ஐயா. ஓட்டமெல்லாம் பாஸ். போன தடவ குண்டு எறியறதுல போயிடுச்சு." சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"நீ எத்தனை வருசமா மூட்டை தூக்குற?"

"இருவது வருசம் இருக்கும்."

"எங்க, கையக் காட்டு."

காட்டினார். ஒல்லியாக, முருங்கைக்காய்தான்.

"இருவது வருசம் தூக்கியும் உனக்குப் பலம்தான் வந்திருக்கு, ஆம்பளைக் கை வரலியே. உம்மவளுக்கு மட்டும் ஆறு மாசத்துல மீசையே மொளச்சிடுமா?"

சிரித்துவிட்டார். அதற்குள் அவர் ஊர் வந்துவிட்டது.

"அப்புறம், தினம் ரெண்டு முட்டை..." என்று நான் முடிப்பதற்குள் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு இறங்கிவிட்டார். ஒரு கை மூட்டையில், மறு கையில் போன்.

"ஏய், ஜிம்முக்குப் போ. சித்தப்பாவ நான் பாத்துக்கறேன்."

சித்தப்பாவைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லி வையுங்கள். அந்த அம்மாவின் கை பார்க்கத்தான் முருங்கைக்காய்.