மல்லிகாவின் எம்.எட். அப்ளிகேஷன்

அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரம் என்றால் எங்கள் ஸ்டாஃப் ரூம் முழுக்க விடைத்தாள் கட்டுகளின் வாசனைதான். சணல் கயிறு, பசங்களின் கை வேர்வை, மை... எல்லாம் கலந்த ஒரு நெடி. அம்பத்தூரில் ஒரு சந்துக்குள் இருந்த பள்ளிக்கூடம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. டிசம்பரிலும் மதியம் புழுங்கும்.

என் பக்கத்து நாற்காலி மல்லிகா. ஆறாம் வகுப்புக் கணக்கு டீச்சர். நெமிலிச்சேரிக்காரி. அவள் அப்பா அம்மா அந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை பார்த்தவர்கள். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். நான் விழுப்புரத்திலிருந்து கல்யாணமாகி ஆவடிக்கு வந்தவள். இருவருக்கும் தினமும் ஒரே ட்ரெயின், ஒரே பெட்டி, ஒரே பேச்சு.

அந்தப் பேச்சு எம்.எட். பற்றியது. அதை முடித்தவர்களுக்குத்தான் இனி எச்.எம். பதவி என்று கரஸ்பாண்டன்ட் மீட்டிங்கில் சொல்லிவிட்டார். நானாக இருந்தால் கேட்டுவிட்டு மறந்திருப்பேன். மல்லிகா விடவில்லை.

"தபால்லயே படிக்கலாமாம்டி. லீவுல மட்டும் கிளாஸ் போனா போதும். நானு எச்.எம். ரூம்ல குந்தணும்டி. ஒரு நாளாவது குந்திட்டுத்தான் சாவேன்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் அவள் விளையாடவில்லை என்று எனக்குத் தெரியும்.

அவளே அலைந்து எங்கள் இரண்டு பேருக்கும் அப்ளிகேஷன் வாங்கி வந்தாள். என்னுடையதை வீட்டிலேயே நிரப்பிவிட்டேன். அவளுடையதைக் கடைசி நேரத்தில் என் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள்.

"உன் கையெழுத்து முத்து முத்தா கீது. என்னுது கோழி கிளறுன மாதிரி கீது. நீயே எழுதிடு, நான் சைன் போட்டுட்டேன்."

மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று அவசரமாகக் கிளம்பிவிட்டாள்.

நான் அப்போது பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். கட்டை நகர்த்திவிட்டு அப்ளிகேஷனை இழுத்து, அவள் கூடவே வைத்திருந்த சர்டிஃபிகேட் நகல்களைப் பார்த்து மளமளவென்று எழுதினேன். பெயர், பிறந்த தேதி, பி.எட். மார்க், அனுபவம்... கவரில் போட்டு ஒட்டி, என்னுடையதோடு சேர்த்துத் தபால் ஆபீஸில் கொடுத்துவிட்டேன். கையில் இருந்தது சிவப்புப் பேனா என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. பத்து நாளாக ஸ்டாஃப் ரூமில் வேறு பேனாவைத் தொடாத கை அது.

எனக்கு அட்மிஷன் வந்தது. அவளுடைய அப்ளிகேஷன் திரும்பி வந்தது. இரண்டுக்கும் பள்ளிக்கூட முகவரிதான். அன்று அவள் லீவு என்பதால் பியூன் இரண்டு கவரையும் என்னிடமே கொடுத்தார். நீலம் அல்லது கறுப்பு மையில் மட்டுமே நிரப்ப வேண்டும் என்ற வரியின் கீழே யாரோ கோடு போட்டு அனுப்பியிருந்தார்கள். கடைசித் தேதி தாண்டிவிட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். நன்றாகத் திட்டிவிட்டு அடுத்த வருஷம் போட்டிருப்பாள். எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் ட்ரெயினில் அவள் கேட்டபோது, "உனக்கு வரலைடி... இந்தத் தடவை நிறைய பேர் போட்டிருப்பாங்க போல" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என் மார்க்கு பத்தாதுனு எனக்கே தெரியும்டி. நீயாவது படி."

அடுத்த வருஷம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "இன்னொரு தபா அசிங்கப்படணுமா?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். காரணத்தைச் சொல்லியிருந்தால் போட்டிருப்பாள். அதை மட்டும் நான் சொல்லவில்லை. நாளாக ஆகப் பயம்தான் கூடியது.

நான் எம்.எட். முடித்தேன். எச்.எம். ஆனேன். அவள் எனக்குக் கீழே அதே ஆறாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தி, போன வருஷம் ரிட்டையர் ஆனாள். அவளுடைய ஃபேர்வெல்லில் மைக்கைப் பிடித்து என்னைத்தான் புகழ்ந்து பேசினாள். நானும் வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் அவள் மகள் ஷாலினி என் ரூமுக்கு வந்தாள். அவளும் இப்போது எங்கள் பள்ளியில்தான் டீச்சர். எம்.எட். போடவேண்டும், அனுபவச் சான்றிதழ் வேண்டும் என்றாள். இப்போதெல்லாம் செல்போனிலேயே போட்டுவிடுகிறார்கள். ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பினால் அடுத்த பக்கம் திறக்காது, அங்கேயே சொல்லிவிடும். எங்கள் காலத்தில் அப்படிச் சொல்ல யாருமில்லை... இருந்த ஒருத்தியும் சொல்லவில்லை.

சான்றிதழை வாங்கிக்கொண்டு ஷாலினி தயங்கி நின்றாள்.

"அம்மா வேணாங்கிறாங்க மேடம். நம்ம குடும்பத்துக்கு அவ்ளோதான் மூளை, நானே போட்டுப் பார்த்துட்டேன்னு சொல்றாங்க."

அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அன்று சாயங்காலமே நெமிலிச்சேரிக்குப் போனேன். வயல் இருந்த இடமெல்லாம் ஃபிளாட். மல்லிகா கூடத்தில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பேனா, திரும்பி வந்த கவர், ட்ரெயினில் சொன்ன பொய்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

தைலக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, "அப்போ என் மார்க்கு?" என்று கேட்டாள்.

"உன் மார்க்கு போதும்டி. நான்தானே எழுதினேன்... என்னைவிட உனக்கு ஆறு மார்க்கு ஜாஸ்தி."

மல்லிகா தைல பாட்டிலை மூடி வைத்தாள். அப்புறம் உள்ளே பார்த்து, "ஷாலு, இங்க வா" என்று மகளைக் கூப்பிட்டாள். அவள் வந்து நின்றதும் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு தபா சொல்லு. இவ கேக்குற மாதிரி சொல்லு."

சொன்னேன். மல்லிகா தலையை ஆட்டிக்கொண்டே அழுதாள்.