பேசாமல் இருக்கிற செபம்

செபமாலை மாதத்தில் எங்கள் பள்ளிமுனையில் மாதா சிலை, நாங்கள் சுருவம் என்போம், வீடு வீடாக வரும். ஒரு வீட்டில் ஒரு நாள். அந்த வீட்டுக்காரர்தான் சொந்த வார்த்தையில் ஒரு மன்றாட்டுச் சொல்லிச் செபத்தைத் தொடங்கவேண்டும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். ஆட்கள் முன்னால் எனக்கு வாய் திறக்க வராது. கணவர் இருந்தவரைக்கும் அவர் சொன்னார். அவர் போன அடுத்த வருடம், சுருவம் வருகிற நாளில் கதவைப் பூட்டிவிட்டு மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போய், ஒரு நோய் வருத்தமும் இல்லாமல் வாங்குப் பலகையில் இருந்துவிட்டு வந்தேன்.

என் மகள் இங்கிலாந்தில் ஒரு செப வீட்டைக் கூட்டித் துடைக்கிறாள். அங்கே பீடம் இல்லையாம், சுருவம் இல்லையாம், சுவாமியாரும் இல்லையாம். வட்டமாகக் கதிரைகள். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்து ஒரு மணித்தியாலம் பேசாமல் இருந்துவிட்டுப் போவார்களாம். நான் நம்பவில்லை. பிறகு ரெலிபோன் எடுக்கும்போதெல்லாம் அதைத்தான் கேட்டேன்.

அந்தச் செபத்தைத் தொடங்கிவைத்தவர் முந்நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய ஆள் என்றாள் மகள். நெசவுக்காரரின் மகன், சப்பாத்துத் தைக்கப் பழகியவர். இளம் வயதில் மனத்தில் ஏதோ துக்கம் வந்து, ஒவ்வொரு சுவாமியாராகத் தேடிப் போனாராம். ஒருவர், புகையிலை பிடி, சங்கீதம் பாடு என்றாராம். இன்னொருவரோடு தோட்டத்தில் கதைத்துக்கொண்டு நடக்கையில் இவருடைய கால் பூப்பாத்தியில் பட்டுவிட, அவருக்குப் பொல்லாத கோபம் வந்ததாம். நான் சிரித்தேன். பிறகு பாவமாக இருந்தது.

கடவுளின் வெளிச்சம் எல்லாருக்குள்ளும் இருக்கிறது, கூடியிருந்து பேசாமல் காத்திருந்தால் போதும் என்று அவர் ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தாராம். உள்ளே இருந்து சொல் வந்தால் ஆணோ பெண்ணோ சொல்லலாம், வராவிட்டால் குற்றமில்லை. நீதவானுக்கு முன்னாலும் தொப்பியைக் கழற்றமாட்டாராம். எத்தனையோ தரம் பிடித்து மறியல் வீட்டில் அடைத்தார்களாம். பெரியவர் சிறியவர் பாராமல் எல்லாரையும் நீ என்றுதான் கூப்பிட்டாராம். அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

வராவிட்டால் குற்றமில்லை என்றது எனக்குள் நின்றுவிட்டது. வீட்டில் தனியே இருந்து பார்த்தேன். பேசாமல் இருப்பது எனக்குப் புதிதா? நாள் முழுக்க அப்படித்தானே. தனியே இருக்க அது செபமாகத் தெரியவில்லை, ஆள் இல்லாத வீடாகத்தான் தெரிந்தது. ஆட்களோடு சேர்ந்து ஒருக்கால் அப்படி இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

இந்த வருடம் நான் கதவைப் பூட்டவில்லை. வீடு நிறைய ஆட்கள். மாதா சபைத் தலைவி மெழுகுதிரி கொளுத்திவிட்டு, "தொடங்குங்கோ அக்கா" என்றாள். கொஞ்ச நேரம் எல்லாரும் பேசாமல் இருப்போம் என்று சொல்ல நினைத்தேன். அந்த ஒரு வசனமும் வரவில்லை. நான் பேசாமல் இருந்தால் அவர்களும் இருப்பார்கள்தானே என்று கண்ணை மூடினேன். உண்மையாகவே இருந்தார்கள். வெளியே கழுதை ஒன்று வேலியில் உரசுகிற சத்தம் கேட்டது. ஐந்தாறு மூச்சு நேரம் இருக்கும்.

பின்னால் ஒருத்தி மெல்ல, "பரலோகத்தில் இருக்கிற" என்று எடுத்துக்கொடுத்தாள். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்தவள் இன்னும் கொஞ்சம் சத்தமாக, "எங்கள் பிதாவே" என்றாள். எல்லாரும் இரக்கப்பட்டு எடுத்துக்கொடுக்க, செபமாலை தன்பாட்டில் தொடங்கிவிட்டது. போகும்போது தலைவி என் கையைப் பிடித்து, மறதிக்கு வல்லாரை நல்லது என்றாள். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

மறுநாள் பின்னேரம் சுருவம் அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும். அந்த வீட்டுக்காரி கருவாடு போடுகிறவள், வாய் ஓயாதவள். மத்தியானம் மாலை கட்டப் பூவோடு வந்து, நேற்று மறந்தே போய்விட்டதா என்று கேட்டாள். இல்லை என்றேன். முதல் தரமாக ஒருத்திக்கு முழுக்கச் சொன்னேன், அந்த மனிதரைப் பற்றியும். அவள் பூவைக் கீழே வைத்தாள்.

"வேதம் மாறப் போறீங்களோ அக்கா?"

"இல்லையடி. ஒரு ஆளோட சும்மா இருந்து பாக்க ஆசை."

"சும்மா இருந்தால் எனக்கு நித்திரை எல்லே வரும். சரி, இருந்து பாப்பம்."

இரண்டு கதிரையைப் போட்டோம். சொன்னபடியே கொஞ்ச நேரத்தில் அவளுடைய தலை சரிந்தது. விடிய எழும்பி மீன் வெட்டிய களைப்பு. சின்னக் குறட்டையும் வந்தது. நான் எழுப்பவில்லை. பாதி கட்டிய மாலை நிலத்தில் கிடந்தது. அதையும் தொடாமல், அவளுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டு, ஆட்கள் சுருவம் தூக்க வரும்வரைக்கும் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.