மிச்சமிருந்த ஒரு புளியமுத்து

வினிதா அக்கா போய்விட்டார் என்ற செய்தி, இரணியல் ஸ்டேஷனில் நிற்கும்போது போனில் வந்தது. எங்கள் விளையாட்டுக் குழுவில் ஷாஜி போட்டிருந்தான். இனி ஆட்டத்தை யார் நடத்துவது? எனக்கு முதலில் தோன்றியது அதுதான். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அக்காவின் அந்த அறை, இன்று அவரை நினைத்துக் கூடியிருக்கும் உங்களுக்கெல்லாம் தெரியும். தக்கலையில், அவரது மருந்துக்கடைக்கு மேலே. ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டு ஐந்து பேர் கூடுவோம். கோட்டை, பூதம், மந்திரம் என்று அக்கா கதையை நடத்துவார். நாங்கள் பகடை உருட்டி அதற்குள் நடப்போம். ஒவ்வொருவரின் பாத்திரத்துக்கும் ஒரு தாள் உண்டு. நான் மந்திரவாதி. பெரிய மந்திரம் ஒன்று போட்டால் அடுத்த மூன்று சுற்றுக்கு மந்திரவாதிக்கு ஓய்வு. அக்கா என் முன்னால் மூன்று புளியமுத்துகளை, அதாவது புளியங்கொட்டைகளை, வைப்பார். சுற்றுக்கு ஒன்றாக எடுப்பார். கடைசி முத்து போகும்வரை நான் வெறும் ஆள்தான்.

நான்கு வருடம் வளர்த்த என் மந்திரவாதியைப் பூதம் அடித்தபோது மிச்சமிருந்தது ஒரே ஒரு முத்து. "ஒரு ரவுண்டுதானேக்கா, விட்டுத் தாங்க" என்று கெஞ்சினேன். அக்கா முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "முத்துக்குக் கண்ணும் காதும் கெடையாது மக்கா. ஆளு செத்தாச்சு, தாளக் கிழி." எல்லாரும் சிரித்தார்கள். வீடு வந்து சேரும்வரை 'சவம், சவம்' என்று அக்காவைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

பிறகு அவருக்கு நோய் வந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு தடவை மருந்து ஏற்றினால் மூன்று வாரம் ஓய்வு. "பாத்தியாலே, எனக்கும் மூணு முத்து வச்சிட்டானுவ" என்றார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

கடைசியாகக் கூடிய அன்று தலையில் துண்டு கட்டியிருந்தார். "இன்னைக்கு நீ நடத்துலே, நான் மந்திரக்காரி" என்றார். பிரமாதமாக ஆடினார். பெரிய மந்திரத்தைப் போட்டு மற்ற மூன்று பேரையும் பாலம் தாண்டி அனுப்பிவிட்டு, தான் மட்டும் இக்கரையில் நின்றார். பூதம் நெருங்கியபோது அவர் முன்னால் ஒரு முத்து இருந்தது.

"அத எடுத்திரு மக்கா. இவளாவது வீடு போய்ச் சேரட்டும்."

எடுத்துவிடு என்று ஷாஜி கண்ணைக் காட்டினான். எனக்கோ இத்தனை நாள் காத்திருந்தது கைக்கு வந்துவிட்டது. "முத்துக்குக் கண்ணும் காதும் கெடையாதுக்கா. தாளக் கிழிங்க" என்றேன். பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாக இருந்தது.

அக்கா கிழிக்கப் பார்த்தார். விரலில் பலமில்லை, தாள் மடங்கியதே தவிர கிழியவில்லை. என்னிடம் நீட்டினார். நான் கிழித்தேன். "நல்லா நடத்துத மக்கா. இனி நீயே நடத்து" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த மாடிப்படி ஏறவில்லை.

அன்று அக்கா முன்னால் மிச்சமிருந்த அந்த முத்தைக் குழியில் போட்டுவிடலாம் என்று அடக்கத்துக்குக் கொண்டுபோனேன். போடவில்லை. இப்போதும் என் சட்டைப்பையில்தான் கிடக்கிறது. அன்றைக்கு அதை எடுக்க இரண்டு விரல் போதுமாக இருந்தது.