டேங்க் காலியானால் வால் இறங்கும்

பீன்யா தொழிற்பேட்டையில் ரேடியோ கண்ட்ரோல் குட்டி விமானங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தேன். அங்கே எனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். உடைந்து ஒட்டிய விமானத்தைப் பார்த்துப் பயப்படாதவர்களை நான் நம்புவதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. ஒரு பள்ளி விழாவில் பறக்கவேண்டிய, ஓட்டிப் பழகுவதற்கான டிரெயினர் விமானம், முந்தைய நாள் ஒத்திகையில் விழுந்து வாலுக்குச் சற்று முன்னால் இரண்டாக உடைந்து வந்தது. அதை ஓட்டுகிறவர் எங்கள் முதலாளி நாகராஜ் சார்தான்.

"லதா, இன்னொரு வாட்டி அந்த எடத்துல உடையவே கூடாது. நல்லா ஸ்ட்ராங்கா போடும்மா."

போட்டேன். பால்சா மரம் உடைந்த இடத்தில் எபாக்சிப் பசை, இரண்டு பக்கமும் ப்ளைவுட் பட்டை. பலமாக இருந்தது, கனமாகவும் இருந்தது. வால் இறக்கையிலிருந்து வெகுதூரம் தள்ளி இருப்பதால், அங்கே கொஞ்சம் கனம் ஏறினாலும் மூக்கில் அதைவிடப் பல மடங்கு ஈயம் வைத்தால்தான் சமமாகும். அதனால் பசை காய்ந்ததும், டேங்க் காலியாக இருக்கும்போதே, இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கிப் பார்த்து ஈயம் ஒட்டுவது எங்கள் வழக்கம். அன்று பசை காய்ந்த நேரத்தில் வேன் வாசலில் வந்து நின்றது.

"கிரவுண்ட்ல பாத்துக்கலாம், ஏறு," என்றார் சார்.

மைதானத்தில் கயிறு கட்டி, அதற்குப் பின்னால் ஜமக்காளம் விரித்துச் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள். நான் ஈயப் பொட்டலத்தைத் தேடி எடுப்பதற்குள் சார் டேங்கை நிரப்பிவிட்டார். பிறகுதான் விமானத்தை விரலில் தூக்கினார். ஆடாமல் நின்றது.

"பாரு, ஈயமே வேணாம். பேலன்ஸ் பக்கா!"

"சார், டேங்க்..." என்று ஆரம்பித்தேன். இஞ்சின் அலறலில் என் குரல் அமுங்கிப்போயிற்று.

டேங்க் இருப்பது மூக்குக்குப் பின்னால். ஈயம் செய்யவேண்டிய வேலையை அப்போது எரிபொருள் செய்துகொண்டிருந்தது. அது தீரத் தீர மூக்கு லேசாகும், வால் இழுக்கும். இறக்குவதற்காக வேகத்தைக் குறைத்தால் மூக்கு தானாகத் தூக்கும், அப்படியே ஒரு பக்கம் சாய்ந்து விழும். எந்தப் பக்கம் என்று யாரும் சொல்ல முடியாது.

விமானம் அழகாக ஏறி, குட்டிக்கரணம் போல ஒரு லூப் அடித்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் சார் பக்கத்தில் ஓடினேன்.

"சார், எறக்கிடுங்க. டேங்க் ஃபுல்லா இருக்கும்போது பேலன்ஸ் பாத்துட்டீங்க."

"சும்னிரம்மா, பேசாம இரு! இன்னொரு லூப் கேக்கறாங்க."

"டேங்க் காலி ஆக ஆக வால் எறங்கும் சார்!"

சிறிது நேரத்தில் அவர் கட்டைவிரல் ரிமோட்டின் ஸ்டிக்கை முன்னால் தள்ளியபடியே இருப்பதைப் பார்த்தேன். விமானம் நேராகப் போவதற்கே அப்படித் தள்ளவேண்டியிருந்தது.

"எலிவேட்டர் ஒரு மாதிரியா இருக்கும்மா. லேசா தொட்டாலே துள்ளுது." மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையைச் சொன்னார். குரல் இறங்கிவிட்டது.

"த்ராட்டில கொறைக்காதீங்க சார். இஞ்சின் ஓடறப்பவே வேகமா எறக்கிடுங்க."

சொல்லிவிட்டுக் கயிற்றடிக்கு ஓடினேன். பிள்ளைகளைப் பின்னால் கூட்டிப்போகச் சொல்லி டீச்சரிடம் கன்னடத்தில் கத்தினேன். அந்த அம்மா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஆனாலும் பிள்ளைகளை எழுப்பிப் பின்னால் கூட்டிப்போனார்.

விமானம் கண்மண் தெரியாத வேகத்தில் வந்தது. தரையில் பட்டுத் துள்ளி, மூக்கைத் தூக்கியது. மறுபடி தரையில் இறங்கி, கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஜமக்காளத்தின் நடுவில் போய் நின்றது. பக்கத்தில் ஒரு குழந்தையின் செருப்பு கிடந்தது.

நாகராஜ் சார் மிச்ச எரிபொருளை வடித்துவிட்டு, விமானத்தை விரலில் தூக்கினார். வால் சரிந்து அவர் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. அவர் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஈயம் எங்கம்மா?"

"கையிலதான் சார் இருக்கு."

அவ்வளவு நேரமும் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்தபடியே ஓடியிருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஒட்டிய விமானம் நன்றாக ஏறிவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். அது இறங்கும்போது எவ்வளவு கனம் இருக்குமோ, அந்தக் கனத்தில் அதைத் தூக்கிப் பாருங்கள்.